வேகம், உடைமை, பயிற்சி: மலைச்சாலையிலிருந்து சில குறிப்புகள்

விமர்சனம் வரவேண்டிய பக்கத்தில் கார் ஓட்டுவதைப் பற்றி எழுதுகிறானே என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் 2024 மே மாதம் புனேயில் 'கட்டுரை' என்கிற நம்முடைய வடிவத்தையே இந்த விஷயத்துக்குள் இழுத்துவிட்டார்கள். மே 19 அதிகாலை, கல்யாணி நகரில் 17 வயதுப் பையன் ஓட்டி வந்த போர்ஷே டைகான் கார் மோதி, பைக்கில் போன இரண்டு மென்பொருள் பொறியாளர்கள் இறந்துபோனார்கள். இருவருக்கும் 24 வயது. சிறார் நீதி வாரியம் அன்றைக்கே ஜாமீன் கொடுத்தது. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்துகள் குறித்து 300 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது. ஊரே கொதித்தது. சில நாட்களில் உத்தரவு மாறி, பையன் கண்காணிப்பு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். ஜூன் 25 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் அவனை விடுவித்தது.

இரண்டு உயிருக்கு 300 சொல்லா என்று எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தமிழ் எம்.ஏ. படித்தவனாகிய எனக்கு உறைத்தது வேறொன்று. வண்டி ஓட்டும் அறிவு கையிலும் காலிலும் தங்குகிற அறிவு. அதில் வாக்கியமாக்க முடிந்தது கொஞ்சம்தான். அந்தப் பையனின் உடம்பில் இல்லாத ஒன்றை வாரியம் அவனுடைய எழுத்தில் கேட்டது. எந்த அறிவும் தாளில் வந்தால்தான் அறிவு என்று நம்புகிற படித்த வர்க்கத்தின் பழக்கம் இது. நமக்கும் இந்தப் பழக்கம் உண்டு.

அதே வழக்கில் இன்னொரு சங்கதி, அதிகம் பேசப்படாமல் போனது. குடும்பத்தின் டிரைவரை அடைத்துவைத்து, 'நான்தான் ஓட்டினேன்' என்று பழியை ஏற்கச் சொல்லி மிரட்டியதாகப் பையனின் தாத்தா மீது போலீஸ் வழக்குப் போட்டுக் கைது செய்தது. குற்றச்சாட்டு நிரூபணமாகிறதா என்பது கோர்ட்டின் வேலை. அப்படி ஒரு யோசனை ஒரு வீட்டில் எழக்கூடியது என்பதை மட்டும் யாரும் ஆச்சரியத்தோடு கேட்கவில்லை. நம் சமூகத்தில் வண்டி வைத்திருப்பது ஒருவர், வண்டி ஓட்டத் தெரிந்திருப்பது வேறொருவர் என்பது நெடுநாளைய ஏற்பாடு. மாட்டுவண்டிக் காலத்திலிருந்தே அப்படித்தான். ஓட்டுவது வேலைக்காரனின் கைத்திறன். வேகம் உடைமைக்காரனின் அனுபவம். வீட்டுப் பிள்ளைக்குச் சாவி கிடைக்கிறது, அந்தத் திறன் கிடைப்பதில்லை. கேட்டால், 'டிரைவர் வேலைக்கா போகப்போறான்?' என்பார்கள்.

நான் இருப்பது லவ்டேலில். 1858இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளியாலும் மலைரயில் நிலையத்தாலும் வெளியூர்க்காரர்களுக்குப் பெயர் தெரிந்த ஊர். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில், மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளை முடித்துவிட்டு, 'இனிப் பயமில்லை' என்று ஆக்ஸிலேட்டரை அழுத்துகிற இடத்தில் இருக்கிறது. பக்கத்து லைனில் ஒரு பிக்கப் டிரைவர் இருக்கிறார். தேயிலைக் கொழுந்தும் காரட்டும் ஏற்றிக்கொண்டு முப்பது வருஷமாக இறங்கி ஏறுகிறவர். எப்படிக் கற்றுக்கொண்டார் என்று கேட்டேன்.

'கத்துக்கறதா? லாரில கிளீனரா போனேன் தம்பி. மூணு வருஷம் எடது பக்கம் உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். வண்டி நின்னா குதிச்சு டயருக்குக் கட்டை வைக்கணும். வளைவுல எறங்கி எதுக்க வர்ற வண்டியப் பாத்து ரைட் குடுக்கணும். அப்புறந்தான் ஸ்டியரிங்கயே தொட விட்டாரு.'

'மொதல்ல என்னண்ணே சொல்லிக் குடுத்தாரு?'

'ஏறுன கியர்லயே எறங்குடான்னாரு. வேற என்ன?'

இந்த ஒற்றை வாக்கியத்துக்குப் பின்னால் உள்ளதை விரித்தால் இப்படி வரும். பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றுகிற கருவி, அவ்வளவே. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறோம். ஒன்றரை டன் எடையுள்ள கார் இந்த உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 65 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை, வண்டி குறைந்த கியரில் இருந்தால், எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மேல் கியரிலோ நியூட்ரலிலோ விட்டு இறங்கினால் அத்தனை சூட்டையும் நான்கு சக்கரத்தின் பிரேக்குகள்தான் தாங்க வேண்டும். முதலில் கருகின வாடை வரும். பிறகு பேட் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அப்புறம் எத்தனை மிதித்தாலும் பயனில்லை. சீசன் நாட்களில் இந்தச் சாலையோரம் நடந்தால் அந்த வாடையை யாரும் அறியலாம்.

இங்கேதான் 'பவர்ஃபுல் கார்' என்ற சொல்லாடல் உடைகிறது. இறக்கத்தில் குதிரைசக்திக்கு வேலையே இல்லை. விளம்பரம் சொல்வது 0விலிருந்து 100க்கு எத்தனை விநாடி என்று. 100லிருந்து 0வுக்கு எத்தனை மீட்டர் என்று அது சொல்வதில்லை. ஆட்டோமேட்டிக் வண்டிகளிலும் குறைந்த கியருக்கு வழி உண்டு. லீவரில் 'எல்' என்றோ 'எம்' என்றோ எழுதியிருக்கும். அதை ஒருமுறைகூடத் தொடாமல் மலையேறி வருகிறவர்கள் ஏராளம். மின்சாரக் கார்களில் மோட்டாரே பிடித்து நிறுத்தும் என்பது உண்மை. பேட்டரி நிரம்பியிருக்கும்போது அதற்கும் வரம்பு வந்துவிடும்; மேலே ஹோட்டலில் முழுக்க சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்குகிறவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மலைரயிலைக் கட்டியவர்களுக்கு இறக்கம் என்பது உழைப்பு என்று தெரிந்திருந்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12க்கு 1 என்ற சரிவு; பற்சக்கரம் வைத்தார்கள். அதோடு விடவில்லை. எஞ்சின் ஊதுவதைக் கேட்டு ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஓர் ஆளையும் நிறுத்தினார்கள். சாலையில் அந்த ஆட்கள் எல்லோருடைய வேலையையும் ஒருத்தர் செய்கிறார், அதுவும் போனில் பாட்டை மாற்றிக்கொண்டே.

சட்டத்துக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989), விதி 15ஐப் படித்துப் பாருங்கள். உரிமம் கேட்கிறவர் இறக்கத்தில் சட்டென்று குறைந்த கியருக்கு மாற்றிக் காட்ட வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பிக் காட்ட வேண்டும். அச்சில் அப்படியே இருக்கிறது. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் அந்த இறக்கத்துக்கு எங்கே போவது? ஒரு மேம்பாலம் கிடைத்தால் உண்டு. டிரைவிங் ஸ்கூலில் 21 நாள், குறைந்தது 10 மணி நேரம் ஓட்டம் என்று விதி 31 சொல்கிறது. 2021 ஜூலை 1 முதல் வந்த அங்கீகாரம் பெற்ற மையங்களில் 29 மணி நேரம். அதில் 21 மணி ஓட்டம். 29ல் எத்தனை மணி சரிவில் என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னும் கவனத்திற்குரியது, சட்டம் எதைக் கண்ணால் பார்க்கிறது என்பது. 7,500 கிலோவுக்குள் இருந்தால் அது 'இலகுரக வாகனம்'. மாருதி 800ம் லம்போர்கினியும் ஒரே வகுப்பு. சட்டம் எடையைப் பார்க்கிறது, வேகத்தைப் பார்ப்பதில்லை. வயதிலும் ஒரு வேடிக்கை உண்டு. வாடகை ஆட்டோவோ சரக்கு வண்டியோ ஓட்டுவதற்கு 20 வயது நிரம்ப வேண்டும். அப்பாவின் சொந்தக் கார், அது எத்தனை நூறு குதிரைசக்தியாக இருந்தாலும், 18 போதும். பிழைப்புக்காக மெதுவாக ஓட்டுகிறவனைச் சந்தேகப்படுகிற சட்டம், பொழுதுபோக்காக வேகமாக ஓட்டுகிறவனை இரண்டு வருஷம் முன்னதாகவே நம்பிவிடுகிறது. இது வர்க்கப் பார்வை இல்லாமல் வேறென்ன? 2019 திருத்தத்தில் 199ஏ பிரிவு வந்தது. சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி, 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதம் வண்டிப் பதிவு ரத்து, பையனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. கடுமைதான். ஆனால் எல்லாம் ஆள் செத்த பிறகு.

வேகத்தைச் சட்டத்தின் கண்ணுக்குக் காட்ட முடியாதா என்றால், முடிகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்து மாநிலங்களில் தற்காலிக உரிமத்தில் இருப்பவர்கள் டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் திறனுள்ள கார்களை ஓட்டக்கூடாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2019இல் ஒரு லம்போர்கினி நடைபாதையில் ஏறி 15 வயதுப் பெண்ணைக் கொன்றது. 2024 டிசம்பர் 1 முதல் அங்கே அதிவேகக் கார்களுக்குத் தனியாக 'யு' வகுப்பு உரிமம் வேண்டும். நம் நாட்டில் கியர் உள்ள பைக், கியர் இல்லாத பைக் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த சட்டத்துக்கு இது பெரிய காரியமில்லை.

'அப்படியானால் எல்லோரையும் ரேஸ் டிராக்குக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தால் போச்சு' என்கிறார்கள் கார்ப் பிரியர்கள். பாதி சரி. தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல மரபே உண்டு. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தளம் வந்தது. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரை உருவாக்கினார். இளைஞர்கள் அதில் பழகினார்கள். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், 1992இல் பதினைந்து வயதில் பிரான்ஸின் எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளியில் பயின்றவர். அதாவது பதினைந்து வயது தடையில்லை. இடமும், ஆசானும், தலைக்கவசமும், தப்பினால் உருண்டு நிற்கக் காலி மண்ணும் இருந்தால்.

மற்றப் பாதியைச் சென்னை காட்டியது. 2016 செப்டம்பரில் கதீட்ரல் சாலைப் பக்கம் ஒரு போர்ஷே, வரிசையாக நின்ற பத்துக்கும் மேற்பட்ட ஆட்டோக்கள் மீது பாய்ந்தது. ஆட்டோ டிரைவர் ஒருவர் இறந்தார். ஓட்டியவர் பந்தயங்களில் பங்கேற்றுப் பழகிய சட்ட மாணவர். குடித்திருந்தார் என்று வழக்கு. இயந்திரத்தை அடக்கத் தெரிந்தவர்தான். டிராக்கில் எதிரே யாரும் வருவதில்லை, ஓரத்தில் யாரும் நிற்பதில்லை. அங்கே கற்பது இயந்திரத்தோடு உறவு. சாலையில் வேண்டியது மனிதர்களோடு உறவு. 1909இல் எதிர்காலவாத அறிக்கையை வெளியிட்ட மாரினெட்டி, பந்தயக் காரைப் பழைய சிலைகளுக்கு மேலே வைத்தவர், அதே அறிக்கையின் முன்கதையில் தன் கார் பள்ளத்தில் கவிழ்ந்ததைச் சொல்கிறார். காரணம், எதிரே வந்த இரண்டு சைக்கிள்காரர்கள். வேகத்தின் கவிஞனுக்கு அவர்கள் இடைஞ்சலாக மட்டுமே தெரிகிறார்கள். சைக்கிள்காரர்கள் அறிக்கை எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

எங்கள் பிக்கப் அண்ணன் கிளீனராகக் கற்றது இந்த உறவைத்தான். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், சட்டத்திலும் இருக்கிறது. வளைவுக்கு முன்னால் ஹாரன், மூடுபனியில் முன்வண்டியைத் தாண்டாமை, பின்னால் வருகிறவனுக்குக் கைகாட்டி அனுப்புவது. வெளியூர் இளைஞர்கள் கீழிருந்து ஏறும் பஸ்ஸின் மூக்குக்கு நேரே வந்து நின்றுவிடுகிறார்கள். பின்னால் எடுக்கத் தெரியவில்லை. பஸ் டிரைவர்தான், 'தம்பி, ஸ்டியரிங்க ஒடிக்காத, நேரா விடு' என்று இறங்கிவந்து சொல்லிக்கொடுக்கிறார். சம்பளமில்லாத பயிற்சியாளர்.

கிளீனர் முறையைப் புனிதமாக்க நான் வரவில்லை. கூலி கிடையாது, சாப்பாடும் படிக்காசும்தான். தலையில் குட்டும் உண்டு. அந்த முறையே இப்போது தேய்ந்து வருகிறது, அதற்காக அழவும் தேவையில்லை. தொழில்முறை டிரைவரிடம் மலைக்கான பயிற்சி தானாகவே இருக்கும் என்பதுமில்லை. 2023 செப்டம்பர் 30 அன்று மரப்பாலம் அருகே பள்ளத்தில் விழுந்து 9 பேர் இறந்த சுற்றுலாப் பேருந்து, தென்காசி மாவட்டம் கடையத்திலிருந்து வந்தது. சமவெளியிலிருந்து மலைக்கு வருகிற டிரைவருக்கு எத்தனை மணி நேரம் தூக்கம் கிடைக்கிறது என்பது பயிற்சியோடு சேர்த்துக் கேட்கவேண்டிய தொழிற்சங்கக் கேள்வி.

நிர்வாகம் கண்டுபிடித்த வழி தடை. 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிச் சாலையில் 2018 அக்டோபரில் சென்னைக் கார் ஒன்று பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஏழு பேரில் ஐவர் இறந்திருந்தார்கள். அதன்பின் அந்தச் சாலையில் வெளியூர் வண்டிகள் இறங்கத் தடை வந்தது. உயிர்களைக் காத்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் தடை பார்ப்பது நம்பர் பிளேட்டை. டி.என். 43 என்று இருந்தால் ஓட்டத் தெரியும் என்று அர்த்தமாம். நேற்று உரிமம் வாங்கிய உள்ளூர் பையன் இறங்கலாம். இருபது வருஷம் வால்பாறை ஓட்டியவர் இறங்கக்கூடாது.

2024 மே 7 முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கு வர இ-பாஸ் வேண்டும். கூட்டத்தைக் கணக்கிட வந்த ஏற்பாடு அது. வண்டி எது, எத்தனை பேர், தங்கலா ஒருநாள் பயணமா என்று கேட்கிறார்கள். ஓட்டப்போகிறவர் இதற்கு முன் மலை இறங்கியிருக்கிறாரா என்ற கேள்வியையும் அங்கே சேர்க்கலாம். 'இல்லை' என்கிறவரை மேட்டுப்பாளையத்தில் அரை மணி நேரம் நிறுத்தி, ஓய்வுபெற்ற அரசு பஸ் டிரைவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, கல்லாறு தாண்டி முதல் சில வளைவுகள் வரை கூட உட்கார்ந்து ஏறி இறங்க வைக்கலாம். இடது பக்க சீட்டில் அண்ணனும், ஸ்டியரிங்கில் கார்க்காரரின் மகனும்.