பட்டினி போட்டால் சுரக்கும் எண்ணெய்

1978இல் அமெரிக்க எரிசக்தித் துறை பாசியிலிருந்து எரிபொருள் எடுக்கும் திட்டத்தைத் தொடங்கி, பின்னர் பாசி தேட ஆள் அனுப்பியது. கடல், உப்பு ஏரி, பாலைவனக் குட்டை என்று அலைந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்பாசி வகைகளைச் சேர்த்தார்கள். தேறியவை சுமார் 300. வெயிலும் கரியமில வாயுவும் சத்துகளும் இருந்தால் போதும், இவற்றில் பல ஒரே நாளில் இரட்டிப்பாகிவிடும். செல்லுக்குள் சேரும் எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரியச் செய்தால் பயோடீசல் கிடைக்கும், கிளிசரின் தனியே பிரியும். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

எண்ணெயைச் சேர்க்க வைப்பதுதான் வித்தை. தழைச்சத்து போதாதபோது, டயாட்டம் என்ற சிலிக்கா ஓட்டுப் பாசிகளில் சிலிக்கான் போதாதபோது, பாசியால் புதுச் செல் கட்ட முடியாது. கிடைக்கும் வெயிலைக் கொழுப்பாக்கிப் பதுக்கிக்கொள்ளும். நைல் ரெட் என்ற சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் எண்ணெய்த் துளிகள் பொன்மஞ்சளாக ஒளிரும். பார்க்க அழகுதான். ஆனால் பட்டினி கிடக்கும் பாசி பெருகாது. ஒரு செல்லில் எண்ணெய் கூடினாலும் குளத்தின் மொத்தக் கணக்கில் ஆதாயம் இல்லை. கொழுப்பைத் தயாரிக்கும் நொதியின் மரபணுவைக் கூடுதலாகப் புகுத்தியும் பார்த்தார்கள். நொதி கூடியது, எண்ணெய் அசையவில்லை.

நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் தலா 1,000 சதுர மீட்டரில் குளங்கள் அமைத்தார்கள். ஓட்டப்பந்தயத் தடம் போல் வளைந்த, ஆழமில்லாத குளங்கள். பாசி அடியில் படியாமலிருக்கத் துடுப்புச் சக்கரம் நீரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். வெயிலுக்குக் குறைவில்லை, இரவுக் குளிர் விளைச்சலைக் கெடுத்தது. போதாததற்கு, ஆய்வகத்தில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வகையை ஓரங்கட்டிவிட்டு உள்ளூர்ப் பாசி குளத்தைப் பிடித்துக்கொண்டது! 1996இல் திட்டம் மூடப்பட்டது.

அறுவடை இன்னும் பெரிய பாடு. திறந்த குளத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் பாசி கிடைப்பதே அரிது. மையவிலக்கியில் சுழற்றிப் பிரித்து, உலர்த்துவதற்குள் கிடைக்கப்போகும் ஆற்றலில் பெரும்பங்கு கரைந்துவிடும். அதனால் ஈரக் கூழை அப்படியே 350 டிகிரி சூட்டில், கடும் அழுத்தத்தில் வேகவைத்துக் கச்சா எண்ணெய் போன்ற ஒன்றை எடுக்கும் முறை வந்தது. புரதமும் மாவுச்சத்தும்கூட இதில் எண்ணெயாகின்றன. பாசியைப் பட்டினி போடும் கட்டாயமும் குறைகிறது. எனக்கு நம்பிக்கை தருவது இந்த வழிதான்.

எண்ணெய் நிறுவனங்களும் இறங்கிப் பார்த்தன. 2009இல் மரபணு அறிவியலாளர் கிரெய்க் வெண்டரின் நிறுவனத்தோடு கைகோத்த எக்ஸான்மொபில், 60 கோடி டாலர் வரை செலவிடத் தயார் என்றது. 2017இல் ஒரு பாசியின் எண்ணெய் அளவை, வளர்ச்சி பெரிதாகக் குன்றாமல், 20 சதவீதத்திலிருந்து 40க்கு மேல் ஏற்றியும் காட்டினார்கள். 2023இல் எக்ஸான்மொபில் விலகிக்கொண்டது. எரிபொருளுக்காகப் பாசி வளர்த்த நிறுவனங்களில் சில ஒமேகா-3, அழகுசாதனம் என்று திரும்பிவிட்டன. அங்கே கிலோவுக்குக் கிடைக்கும் விலை டீசலில் கிடைக்காது.