புல்லு வேணாம்... பிஸ்கட் குடு!

பிறந்தநாளுக்கு ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் காசு போட்டு ஒரு வெள்ளை முயலைப் பரிசா கொடுத்துட்டாங்க. முதல் மாசம் கேரட், பிஸ்கட், கடைத் தீவனம்னு ராஜ உபசாரம். அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு காய்ஞ்ச புல்லை வெச்சா, சார் மோந்து பார்த்துட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துடறார். 'ஐயோ பாவம், பசிக்குமே'ன்னு மறுபடியும் பிஸ்கட்! வினை ஆரம்பிக்கிறதே அங்கேதான் பாஸ்.

புல்லு எதுக்கு?

முயலுக்குப் பல் ஆயுசு முழுக்க வளரும். முன்பல் வாரத்துக்கு சுமார் 2 மி.மீ. வளரும். நார் உள்ள புல்லை மணிக்கணக்கா அரைச்சாதான் பல்லு தேயும். இல்லேன்னா கடைவாய்ப் பல் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிச்சிடும்.

அதைவிட முக்கியம் குடல். நார் உள்ளே போனாத்தான் அது ஒழுங்கா அசையும். முயலால வாந்தி எடுக்க முடியாது. குடல் நின்னு போச்சுன்னா வாயு, வலி, சாப்பிடாம கிடக்கறது... ஓரிரு நாள்ல உயிரே போயிடலாம். அதனாலதான் வளர்ந்த முயலோட சாப்பாட்டுல 80 சதவிகிதம் புல்லா இருக்கணும்கறாங்க. கேரட்டுல சர்க்கரை அதிகம். கார்ட்டூன் முயலைப் பார்த்து ஏமாறாதீங்க!

எந்தப் புல்லு?

வைக்கோல் வேலைக்கு ஆகாது. அதுல சத்து ரொம்பக் கம்மி, படுக்கைக்குப் போடலாம். இறக்குமதியாகிற திமோதிப் புல் நல்லதுதான், ஆனா பாக்கெட் மணி தாங்காது. கொழுக்கட்டைப் புல், அருகம்புல், கம்பு நேப்பியர் இதெல்லாம் நம்ம ஊர் சரக்கு. பூக்கிறதுக்கு முன்னாடி வெட்டி, மெலிசா பரப்பி, மொறுமொறுன்னு காய வைங்க. பூச்சிமருந்து அடிச்ச இடத்துப் புல் வேண்டாம். குதிரை மசால்ல கால்சியம் ஜாஸ்தி. ஆறு மாசத்துக்குட்பட்ட குட்டிக்குத்தான் அது சரி.

வழிக்குக் கொண்டுவர...

* கடைத் தீவனத்தை ஒரே நாள்ல நிறுத்தாதீங்க. பட்டினி போட்டு வழிக்குக் கொண்டு வர்றது முயல்கிட்ட பலிக்காது, ஆபத்து! மூணு நாலு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. 2 கிலோ முயலுக்கு நாளுக்கு 50 கிராம் போதும். வாரா வாரம் எடை பாருங்க.

* முயலுக்குச் சாப்பிட்டுக்கிட்டே புழுக்கை போடற பழக்கம் உண்டு. அது போடற மூலையிலேயே புல்லை வைங்க.

* காலையும் சாயங்காலமும்தான் அதுக்கு நல்ல பசி. அந்த நேரத்துல புதுப் புல்லை வைங்க. மிச்சத்தை உதறிட்டு மாத்துங்க.

* கொஞ்சம் கொத்துமல்லி, புதினாவைப் புல்லுக்குள்ள ஒளிச்சு வைங்க. தேடற சாக்குல புல்லும் உள்ளே போயிடும்.

* டிஷ்யூ ரோல் அட்டைக்குள்ள புல்லைத் திணிச்சுக் கொடுங்க. இழுத்து விளையாடும்.

* புல்லைச் சாக்குப் பையில, காத்தோட்டமான இடத்துல வைங்க. பூஞ்சை வாடை வந்தா யோசிக்காம தூக்கிப் போடுங்க.

அடம் இல்லே, வலி!

புல்லை ஆசையா வாயில எடுத்துட்டுக் கீழே போடுதா? தாடை ஈரமா இருக்கா? அது அடம் இல்லே, பல்வலி. புழுக்கை சின்னதாகவோ குறைவாகவோ இருந்தா உஷார். 12 மணி நேரம் எதுவுமே சாப்பிடலை, புழுக்கையும் போடலைன்னா 'காலையில பார்த்துக்கலாம்'னு தூங்கிடாதீங்க. உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கு.

முயல் சத்தம் போட்டு அழாது மக்களே. வலிச்சாலும் மூலையில கம்முன்னு உட்கார்ந்திருக்கும். அதனால தினமும் காலையில மொபைலைத் தேடறதுக்கு முன்னாடி புழுக்கையை ஒரு தடவை எட்டிப் பாருங்க. உருண்டையா, பெருசா, நிறைய இருந்தா... உங்காளு ஓகே!