எழுதாத கணக்கும் குற்றமே

தமிழில் ‘கணக்கு’ என்பது எண்ணை மட்டுமன்றி எழுத்தையும் குறிக்கும். பதினெண் கீழ்க்கணக்கில் அடங்குவன நூல்கள்; கணக்காயர் என்பார் ஆசிரியர். ஆகவே கணக்கு வைத்தல், பிறர் கண்டு சரிபார்க்குமாறு எழுதிவைத்தலாகும்.

சட்டமும் இப்பொருளிலேயே அதனைக் கொள்கிறது. தங்காக்கில் வீடு வாங்கும் ஒருவர் வழக்கறிஞரிடம் ஒப்படைக்கும் முன்பணம், வழக்கறிஞரின் பணமன்று. அதனைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, வரவு செலவைப் பதிந்துவருமாறு மலேசியாவின் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற்சட்டத்தின்கீழ் எழுந்த 1990ஆம் ஆண்டுக் கணக்கு விதிகள் பணிக்கின்றன. ஒரு வெள்ளியும் குறையாவிடினும், ஏடு எழுதாமை விதிமீறலே. குற்றம் மெய்ப்பிக்கப்படின் ஒழுங்கு வாரியம் கண்டிக்கலாம், தண்டம் விதிக்கலாம், 5 ஆண்டுகள்வரை தொழிலினின்று விலக்கலாம், பெயரையே பட்டியலினின்று நீக்கலாம்.

இந்நெறி நமக்குப் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து, கி.பி. 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றோர் என விலக்குகிறது. பிறர் பொருளைக் கவர்ந்தோர் அங்கே வேறாகக் கூறப்படுகின்றனர். களவு வேறு; கணக்குக் காட்டாமை வேறு. எழுதப்படாத கணக்கில் களவையும் மறதியையும் பிரித்தறிய இயலாது. நேர்மையாளரும் தம் நேர்மையை நிறுவ இயலாது. அதனாலேயே எழுதாமை தனிக்குற்றமாயிற்று.