கரை வேட்டிக்கும் நாடி ஒன்றுதான்!

"டாக்டர், எனக்கு வயித்துல ஒண்ணுமில்லை. வீட்டுலதான் எரிச்சல்."

முத்தியால்பேட்டையிலிருந்து வந்திருந்த அந்த அம்மாவுக்கு வயது 58. நான் கொடுத்த ஏலாதி சூரணத்தை மூன்று வாரமாகத் தேனில் குழைத்து ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார். நெஞ்செரிச்சல் மட்டும் குறைந்தபாடில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு தூக்கம் போச்சு. நாடியில் பித்தம் தூக்கல். புளி, காரம், காபி, வெற்றிலைப் பாக்கு என்று எல்லாவற்றையும் விசாரித்து ஓய்ந்தபிறகு, "வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமாம்மா?" என்று கேட்டேன். அப்போது வந்த பதில்தான் மேலே சொன்னது.

மூத்த மகன் மாடியில், இளையவர் கீழே. 2021 சட்டமன்றத் தேர்தலில் அண்ணன் ஒரு கூட்டணிக்கு, தம்பி எதிர்க் கூட்டணிக்கு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "காசு வாங்கிக்கிட்டு ஓட்டுப் போட்ட ஜென்மம்" என்று எழுத, மற்றவர் "மூளையை அடகு வெச்சவன்" என்று திருப்பிப் போட, அன்றோடு பேச்சு நின்றது. தேர்தல் முடிந்து, புது ஆட்சி வந்து, ஒன்றரை வருஷமும் ஓடிவிட்டது. அண்ணன் தம்பிக்குள் ஒரு வார்த்தை கிடையாது. அம்மா கீழே பாதி வயிறு, மாடியில் பாதி வயிறு சாப்பிடுகிறார். ஒருவர் முன்னால் அழுதால் மற்றவர் மேல் கோபம் வருமே என்று இரண்டு பேர் முன்னாலும் அழுவதில்லை.

எங்கள் சித்த மருத்துவத்தில் அடக்கக்கூடாத வேகங்கள் என்று 14 சொல்லப்பட்டிருக்கின்றன. தும்மல், கொட்டாவி, பசி, தூக்கம் என்று போகும் அந்த வரிசையில் கண்ணீரும் ஒன்று. கண்ணீரை அடக்கினால் கண் நோய், மார்பு நோய், குன்மம் வரும் என்பது பழைய பாடம். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்தேன். அர்த்தம் புரிந்தது இந்த அம்மாவைப் பார்த்தபோதுதான்.

"உடம்பைப் பற்றிப் படிக்கலாம் என்று வந்தால் அரசியல் பேசுகிறாரே!" என்கிறீர்களா? கட்சி அரசியலுக்கு நான் வரவில்லை. ஆனால் கோபம் உடம்புச் சமாசாரம் இல்லையா? கோபம் தலைக்கேறிய அடுத்த இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் பலமடங்கு கூடுகிறது என்று அலோபதி ஆய்வுகளும் சொல்கின்றன. ஏற்கெனவே ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்களுக்கு இது விளையாட்டல்ல. வாக்கு எண்ணும் நாளில் காலை எட்டு மணிக்கு டி.வி. முன் உட்கார்ந்து, மாத்திரையையும் மறந்து, சாப்பாட்டையும் மறந்து கத்துகிற பெரியவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். மறுநாள் என் மருத்துவமனைத் திண்ணையில் அவர்கள்தான் முதலில் இருப்பார்கள்!

ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

பத்து வருஷத்துக்கு முந்தி, ஒரு தேர்தல் சமயம். சாயங்காலம் கரை வேட்டியோடு ஒருவர் வந்தார். எந்தக் கட்சிக் கரை என்பது இங்கே வேண்டாம். எனக்குப் பிடிக்காத கரை, அவ்வளவுதான். முகம் வாடியிருந்தது, உதடு காய்ந்திருந்தது. "ஒரே அசதி டாக்டர், தண்ணி தண்ணியா குடிக்கத் தோணுது" என்றார். என் மனசு உடனே தீர்ப்பு எழுதிவிட்டது: பிரசாரத்துக்குப் போகிறான், ராத்திரி ஊற்றிக்கொள்கிறான், வேறென்ன! குடியைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்து, கல்லீரலுக்குக் கீழாநெல்லி கொடுத்து ஐந்தே நிமிஷத்தில் அனுப்பிவிட்டேன்.

எங்களுக்கு நோயறிய எட்டு வகைத் தேர்வு உண்டு: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். அன்று நான் ஒன்பதாவதாக வேட்டிக் கரையைச் சேர்த்துக்கொண்டேன். மற்ற எட்டையும் அரைகுறையாக விட்டேன். ராத்திரி எத்தனை தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்தார். காலில் புண், ஆறவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினால் சர்க்கரை 380! பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். கட்டைவிரலுக்கு அடுத்த விரலை எடுக்கும்படி ஆயிற்று. பார்க்கப் போனபோது கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "உட்டுத் தள்ளுங்க டாக்டர்" என்றார். "ஆனா ஒண்ணு, நான் குடிக்கறதே இல்ல. எங்கப்பா குடிச்சுச் செத்தாரு. அதிலேர்ந்து தொட்டதில்ல." மூன்று வாரம் முன்னால் கண்டுபிடித்திருந்தால் அந்த விரல் தப்பியிருக்குமா? நூற்றுக்கு நூறு அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

ஒரு மனுஷனின் ஓட்டைப் பார்த்து அவன் குணம், பழக்கம், பை எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிடுகிறோம். அந்தக் கணக்கு எவ்வளவு தப்பாகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. ரிபப்ளிகன் கட்சிக்காரர்களில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். சராசரியாக மக்கள் சொன்னது 100-க்கு 38. உண்மையில் 2 பேர்தான்! அதே நாட்டில் 1960-ல், "உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக்காரர் வீட்டில் சம்பந்தம் செய்தால் வருத்தப்படுவீர்களா?" என்று கேட்டபோது, ஆமென்றவர்கள் 100-க்கு சுமார் 5 பேர். 2010-ல் அதே மாதிரி கேட்டார்கள். ஒரு கட்சியில் மூன்றில் ஒருவரும், இன்னொரு கட்சியில் ஏறக்குறைய பாதிப் பேரும் வருத்தம் என்றார்கள். நம்மூரில் ஜாதகம், ஜாதி, சீர் என்று பார்த்தது போதாதென்று இதையும் சேர்க்க வேண்டுமா?

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த வியாதி புதிதல்ல. நம் தாத்தாக்கள் காலத்தில் கேள்வி இன்னும் பெரிது. பிரான்சா, இந்தியாவா? 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க அதற்குப் பிறகு ஆறு மாதம் தவணை இருந்தது. அந்த ஆறு மாதத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை சண்டையோ!

எங்கள் வீட்டிலும் ஒன்று. தாத்தா இணைப்புக் கட்சி, கதர்ச் சட்டை. அவர் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன்வரை போய் வந்தவர். அவர் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தார். தாத்தா நடுமுற்றத்தில் சுவர் எடுத்துவிட்டார். ஒரே வீடு இரண்டு வீடானது. மீன் குழம்பு வைக்கிற அன்றைக்குப் பாட்டி மட்டும், தாத்தா தூங்கிய பிறகு, சுவருக்கு மேலே கிண்ணத்தை நீட்டுவாள். கிண்ணத்தை வாங்க நான் ஸ்டூல் போட்டு ஏறியது நினைவிருக்கிறது.

1979-ல் சின்னத் தாத்தா இறந்தார். தாத்தா சுவரைச் சுற்றிக்கொண்டு தெரு வழியாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். "பென்ஷனுக்காக நாட்டை வித்தான்னு ஊரே சொல்லிச்சு. நானும் சொன்னேன்" என்றார் என் அப்பாவிடம். "அஞ்சு பொண்ணுங்கடா அவனுக்கு. என்ன நெனச்சு எழுதிக் குடுத்தான்னு ஒரு தடவ கேட்டிருக்கலாம்." நான் ஒன்பது வயசுப் பையன். தாத்தா அழுது பார்த்தது அன்று ஒருநாள்தான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? தலைவர்கள் இப்படிச் சுவர் எடுத்துக்கொண்டு உட்காரவில்லை. எதுவார் குபேர் முதலில் பிரெஞ்சு ஆதரவாளர், 1954-ல் இணைப்பு அணிக்கு வந்தார், 1963-ல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரும் ஆனார். அவருக்கும் கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையாவுக்கும் அரசியலில் ஏழாம் பொருத்தம். இன்று ரயிலடிச் சாலைக்குச் சுப்பையா பெயர், பீச் ரோட்டுக்குக் குபேர் பெயர். காலை நடைக்கு இரண்டிலும்தான் போய் வருகிறோம். ஃபாரூக் மரைக்காயர் 1969-ல் தி.மு.க. முதலமைச்சர், 1985-ல் காங்கிரஸ் முதலமைச்சர். 2021 பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ந்தபோது ராஜினாமா செய்தவர்களில் சிலர் ஏப்ரல் தேர்தலிலேயே எதிர் அணியில் நின்றார்கள். மாறுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொண்டோமே, அதைத்தான் சொல்கிறேன்.

புதுச்சேரி மாநிலம் மொத்தத்துக்கும் 30 தொகுதிதான். ஒரு தொகுதிக்குச் சராசரி முப்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டு. எதிர்க்கட்சி பூத் ஏஜென்ட்தான் நமக்குப் பால் ஊற்றுகிறவராக இருப்பார், அவர் பெண் நம் பெண்ணோடு படிப்பாள். போதாக்குறைக்கு, பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கும் (2017, 2022) இங்கே வாக்குச்சாவடி வைத்தார்களே! ஒரே தெருவில் இரண்டு நாட்டு வாக்காளர்கள். இத்தனைக்கும் ஓட்டு என்பது ரகசியம். யார் எதற்குப் போட்டார் என்பதே பாதி ஊகம். அந்த ஊகத்தை வைத்துத்தான் இவ்வளவு பகை.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டச் சொல்கிறேனா? இல்லை. ஒருவர் அநியாயம் செய்தால், ஜாதியைச் சொல்லி ஒருவரை இழிவாகப் பேசினால், கண்டிக்கத்தான் வேண்டும். அது அவர் செய்ததற்கு. ஓட்டுச்சீட்டை வைத்து அதைச் செய்திருப்பார் என்று முடிவு கட்டுவது வேறு.

வைத்தியனாக நான் சொல்வது இதுதான். தேர்தல் நாட்களில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அரசியல் வேண்டாமே! எழுத்தில் குரல் தெரியாது, முகம் தெரியாது. பேசியே ஆகவேண்டும் என்றால் சாப்பிட்ட பிறகு, நேரில் பேசுங்கள். பசியில் பித்தம் ஏறியிருக்கும், பேச்சும் அப்படித்தான் வரும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் விவாத நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு, சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் ஒரு டம்ளர் குடித்துப் படுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை வாக்கு எண்ணும் நாளிலும் விடக்கூடாது. கோபத்தில் நெஞ்சு கனத்து, வியர்த்து, இடது கை வலித்தால் கஷாயம் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சரி, முத்தியால்பேட்டை அம்மா? "அடுத்த தடவை ரெண்டு பிள்ளைகளும் சேர்ந்து கூட்டி வந்தால்தான் மருந்து" என்று கொஞ்சம் கறாராகச் சொல்லி அனுப்பினேன். வந்தார்கள். பெஞ்சின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர், நடுவில் அம்மா. "அம்மாவுக்கு ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு வருது?" என்று நான் கேட்க, தம்பி "தெரியல டாக்டர்" என்றார். அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டு மணிக்குடா. கீழதான இருக்க, லைட் எரியறது தெரியல உனக்கு?" என்றார். ஒன்றரை வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை!

இருவரும் இன்றும் அவரவர் கட்சிதான். அம்மா இப்போது நாலு மணிவரை தூங்குகிறார். ஏலாதி சூரணத்தை இன்னும் நிறுத்தவில்லை.