விலை உயர்ந்த காரும் நனைந்த தானியமும்



முத்தும் சங்கும் விளைந்த நமது தூத்துக்குடிக் கரையில் வியாபாரம் என்பது முன்னோர் வழி வந்த தொழில். இங்கு முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதுவரை கரைக்கு வந்த சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக எண்ணப்பட்டு, திறக்கப்படாமலேயே ஏலம் விடப்பட்டன. உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்கள் கூடாத விற்பனைகளை வரிசைப்படுத்தும்போது, சிப்பிக்குள் இருக்கும் முத்தையும் அதில் சேர்த்துள்ளன. இன்னதென்று அறியப்படாத பொருளுக்கு விலை பேசுவது பின்னர் பிணக்கில் முடியும் என்பதே காரணம்.

இன்று சிப்பியைவிட இறுக மூடிய பொருள் ஒன்று நம் வீட்டு வாசல்களில் நிற்கிறது. அதுதான் கார். பளபளக்கும் வண்ணத்தையும் தோல் இருக்கையையும் நாம் பார்க்கிறோம். எஞ்சினுக்குள்ளும் கியர்பாக்ஸுக்குள்ளும் இருப்பதைப் பார்ப்பதில்லை. ஆயினும் ஏலச் சிப்பிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சிப்பியை வாங்கியவர் நிச்சயமின்மை உண்டென அறிந்தே விலை கொடுத்தார். விலை உயர்ந்த காரை வாங்குபவரோ நிச்சயத்திற்காகவே அதிக விலை கொடுக்கிறார். அந்தக் கார் ஆலையிலிருந்தே குறையோடு வந்திருந்தால் செலவை யார் ஏற்பது? அந்தக் குறையை அறிந்தவரின் கடமை என்ன? இவ்விரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

எது உற்பத்திக் குறைபாடு?

வண்டியில் வரும் எல்லாப் பழுதும் உற்பத்திக் குறைபாடு ஆகிவிடாது. நம் ஊரின் உப்புக் காற்றால் கதவின் அடியில் துரு ஏறலாம். கலப்பட எரிபொருளால் எஞ்சின் கெடலாம். உரிய காலத்தில் ஆயில் மாற்றாததால் தேய்மானம் வரலாம். இவற்றிற்கு ஆலை பொறுப்பாகாது. வாகனம் நம் கைக்கு வரும் முன்பே, வடிவமைப்பிலோ உதிரிபாகத்திலோ பொருத்திய முறையிலோ இருந்த பிழையே உற்பத்திக் குறைபாடு. வாங்கிய சில நாட்களிலேயே அது தலைகாட்டலாம். பாகத்தை மாற்றிய பிறகும் அதே கோளாறு திரும்பத் திரும்ப வருவது அதன் அடையாளங்களுள் ஒன்று.

சில குறைகள் ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகளில் இருந்த வெடிமருந்து, நீண்ட காலம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் இருந்தால் சீர்கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. உயிர் காக்க வைத்த பொருளே உயிரைப் பறித்தது. உலகெங்கும் பல கோடி வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017இல் அந்நிறுவனம் திவாலானது.

விலை உயர்ந்த கார்களில் இந்தச் சுமை இன்னும் கனமானது. உதிரிபாகங்கள் பல வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். கணினி இணைத்துச் சோதிக்கும் வசதி எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இராது. வழக்கமான வாகன இன்சூரன்ஸோ விபத்துச் சேதத்திற்குப் பணம் தருமேயன்றி, இயந்திரம் தானாகப் பழுதடைந்தால் தராது.

15 ஆண்டுகள் நீண்ட ஒரு வழக்கு

2009 செப்டம்பர் 25 அன்று ஐதராபாத்தில் ஒரு நிறுவனம் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் கார் ஒன்றை வாங்கியது. நான்கே நாட்களில், செப்டம்பர் 29 அன்று, ஓட்டும்போது கோளாறு தெரிந்து கார் ஒர்க்‌ஷாப்புக்குச் சென்றது. நவம்பரில் மீண்டும் பழுது. மோசடி என்று காவல்துறையில் புகார் பதிவாயிற்று. 2012இல் உயர்நீதிமன்றம் மோசடி வழக்கை ரத்துச் செய்தது. ஆனால் புதிய கார் தருமாறு உத்தரவிட்டது. நிறுவனம் வேறு கார் தர முன்வந்தபோது, வாங்கியவர் பணத்தையே கேட்டார். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2024 ஜூலையில்தான் தீர்ப்பு வந்தது. முழுமையான, இறுதியான தீர்வாக 50 லட்ச ரூபாய் வழங்குமாறு உற்பத்தியாளருக்கு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, பொருளில் குறை இருப்பது மட்டுமே மோசடி ஆகிவிடாது. மற்றொன்று, குறைக்கு ஈடு தரும் பொறுப்பு அதனால் நீங்கிவிடுவதும் இல்லை.

மார்க்கம் வகுத்த எல்லை

இந்த நுட்பத்தை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் வைத்தே உணர்த்தினார்கள். தானியக் குவியல் ஒன்றினுள் அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி கூறினார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று. நனைந்ததை அடியில் தள்ளி, காய்ந்ததை மேலே பரப்பியதே குற்றம்!

குறையுள்ள பொருளை வாங்கியவருக்கு அதைத் திருப்பித் தரும் உரிமை உண்டு. ஃபிக்ஹு நூல்களில் இதற்கு ‘கியாருல் ஐப்’ என்று பெயர். குறை, பொருள் கைமாறும் முன்பே இருந்ததாக இருக்க வேண்டும். அது மதிப்பைக் குறைப்பதாகவோ வாங்கிய நோக்கத்தைக் கெடுப்பதாகவோ இருக்க வேண்டும். நம் கரையோரத்தில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, குறையை அறிந்ததும் தாமதமின்றித் திருப்ப வேண்டும். அறிந்த பின்னும் பயன்படுத்திக்கொண்டே இருந்தால் அவ்வுரிமை போய்விடும். வாங்கியவரிடம் வந்தபின் புதிதாக வேறொரு குறையும் சேர்ந்துவிட்டால், பழைய குறையால் குறைந்த மதிப்புக்கு ஈடு பெறலாம். அதற்கு ‘அர்ஷ்’ என்று பெயர்.

வாங்கியவர் செய்ய வேண்டியவை

நாட்டின் சட்டமும் இதையொட்டியே செல்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையை நீக்கித் தரவும், பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பவும், நஷ்டஈடு வழங்கவும் நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். செலுத்திய விலை 50 லட்ச ரூபாய் வரையென்றால் மாவட்ட ஆணையத்தையும், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையத்தையும், அதற்கும் மேலென்றால் தேசிய ஆணையத்தையும் அணுக வேண்டும். வழக்குக்கான காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

இருப்பினும், கோளாறு என்றவுடன் புதுக் கார் கிடைத்துவிடும் என எண்ண வேண்டாம். வாரண்டியில் பழுதான பாகத்தைச் சரிசெய்வதாக மட்டுமே வாக்களித்திருந்தால், முழு வாகனத்தையும் மாற்றக் கோர முடியாது என 2006இல் மாருதி வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் கூறியது. 2010இல் ஃபியட் கார் வழக்கொன்றில், சார்பற்ற தொழில்நுட்ப நிபுணர் வாகனத்தைச் சோதிக்க வேண்டும் என்றும், உற்பத்திக் குறைபாடு உறுதியானால் விலையைத் திருப்ப வேண்டும் என்றும் கூறியது. ஆகவே சான்றுகளே உங்கள் பலம். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் கோளாறை உங்கள் சொற்களில் எழுதச் செய்து நகல் வாங்குங்கள். வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் புகார் கொடுங்கள். அந்த மாடல் திரும்ப அழைக்கப்பட்டுள்ளதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஷோரூமில் கேளுங்கள். வெளி ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பார்த்துவிட்டால் வாரண்டியில் சிக்கல் எழும் என்பதையும் மறவாதீர்கள்.

நாமே விற்பவராகும்போது

சகோதரர்களே! நமது ஈமானுக்கு உண்மையான சோதனை இங்குதான் வருகிறது. ஓயாமல் செலவு வைக்கும் காரைப் பார்த்து, ‘யார் தலையிலாவது கட்டிவிடுவோம்’ என்ற எண்ணம் எழுகிறது. எச்சரிக்கை விளக்கை அணைத்து, பாலிஷ் போட்டு, காலையில் எஞ்சினைச் சூடேற்றி வைத்து வாங்குபவரிடம் காட்டுவோர் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தை வெள்ளம் சூழ்ந்தது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கி எழுந்த காரைத் துடைத்து, மூழ்கியதைச் சொல்லாமல் விற்பது, மழையில் நனைந்த தானியத்தை அடியில் மறைத்த அதே செயலன்றி வேறென்ன?

ஆலையின் பிழைக்கு நாம் பொறுப்பல்லர். வெள்ளத்திற்கும் நாம் பொறுப்பல்லர். ஆனால் அறிந்ததை மறைத்து விற்ற கணத்திலிருந்து அது நம்முடைய குற்றமாகிவிடுகிறது. ‘உள்ளது உள்ளபடி விற்கிறேன், பிறகு கேட்கக் கூடாது’ என்று எழுதி வாங்கிக்கொள்வதும், தெரிந்தே மறைத்த குறையின் பொறுப்பிலிருந்து நம்மைக் காப்பாற்றாது.

தரகருக்கும் மெக்கானிக்கிற்கும் இதில் பங்குண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார்கள். 300 திர்ஹத்திற்கு ஒட்டகம் ஒன்று விலை போனது. அங்கிருந்த வாஸிலா இப்னு அஸ்கஃ (ரலி) அவர்கள் வாங்கியவரின் பின்னே ஓடிச்சென்று, “இறைச்சிக்கு வாங்கினீரா, பயணத்திற்கா?” என்று கேட்டார்கள். பயணத்திற்கு என்றதும், அதன் பாதத்தில் துளை இருப்பதைச் சொன்னார்கள். வாங்கியவர் திரும்பி வர, விற்றவர் 100 திர்ஹத்தைக் குறைக்க நேர்ந்தது. வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் நொந்துகொண்டார். குறையைச் சொல்லாமல் விற்பது விற்பவருக்கு ஆகாது. அறிந்தவர் அதை எடுத்துரைக்காதிருப்பதும் ஆகாது என்பதே நபிகளாரிடம் தாம் கேட்ட பாடம் என வாஸிலா (ரலி) விளக்கினார்கள். அந்த ஒட்டகம் அக்காலத்து வாகனம். அதன் பாதத்துளை இன்றைய கியர்பாக்ஸ் கோளாறு. அவர்கள் விற்பவரும் அல்லர், வாங்குபவரும் அல்லர். ஆனாலும் வாய்மூடி நிற்கவில்லை.

2025 ஆகஸ்ட் 4 அன்று நம் தூத்துக்குடியிலேயே வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது. கார் வாங்கும் ஊர் இப்போது கார் செய்யும் ஊராகவும் ஆகியிருக்கிறது. எந்த ஆலையானாலும், அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகள், முடுக்காத ஒரு திருகைக் கண்டும் காணாமல் விடுவது எங்கோ ஒரு குடும்பத்தின் உயிரோடு விளையாடுவது என்பதை உணரட்டும். குறையைச் சொல்லி விற்றால் விலை குறையலாம், பரக்கத் குறையாது.

வல்ல அல்லாஹ், வாங்குவதிலும் விற்பதிலும் உண்மையைப் பேணி நடக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.