மறதி நோய்க்கு 'செல் ஊசி': நிலத்தை விற்கும் முன் படியுங்கள்



வீட்டுப் பெரியவர் சாப்பிட்ட கை காயும் முன்னே, "எனக்கு இன்னும் சோறு போடலையா?" என்று கேட்கிறாரா? பெற்ற மகனையே "நீ யாருப்பா?" என்கிறாரா? "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அது மறதி நோயாக இருக்கலாம். இந்த நேரத்தில் யாராவது வந்து, "ஸ்டெம் செல் ஊசி போட்டா பழையபடி ஆயிடுவார், சில லட்சம்தான் செலவு" என்றால் என்ன செய்வீர்கள்?

ஸ்டெம் செல் என்பது என்ன?

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்லே ஸ்டெம் செல். பயிர் செத்த இடத்தில் புது நாற்று ஊன்றுகிறோம் அல்லவா? அதுபோல மூளையில் செத்த செல்லுக்குப் பதில் புதுச் செல் வைக்கலாமா என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

மூளையும் வயலும் ஒன்றா?

இல்லை. பார்க்கின்சன் என்னும் நடுக்க நோயில், முக்கியமாக மூளையின் ஒரு சிறு பகுதியில் ஒரு வகைச் செல்கள் சாகின்றன. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தார் 7 நோயாளிகளுக்கு மூளையில் புதுச் செல் வைத்தனர். 2025இல் வெளியான முடிவின்படி பெரிய கேடு நேரவில்லை. சிலருக்கு உடல் அசைவு தேறியது. அதுவும் கையில் போட்ட ஊசி அல்ல. மூளையில் செய்த அறுவை.

மறதி நோயில் மூளையின் பல பகுதிகளிலும் செல்கள் சாகின்றன. ஒவ்வொரு செல்லும் ஆயிரக்கணக்கான செல்களோடு பின்னிக் கிடக்கிறது. அந்தப் பின்னலில்தான் நினைவு இருக்கிறது. புதுச் செல்லுக்கு மகன் பெயர் தெரியாது. மறதி நோயைக் குணமாக்கும் என்று நிரூபிக்கப்பட்ட செல் சிகிச்சை எதுவும் இல்லை.

ஆபத்தும் உண்டு

பக்கவாதத்துக்காக வெளிநாடுகளில் செல் ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு முதுகுத் தண்டில் கட்டி வளர்ந்தது, 2016இல் மருத்துவ இதழில் பதிவாயிற்று.

ஏமாறாதிருக்க

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, மறதி நோய்க்கு ஸ்டெம் செல்லை ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம். ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. காசு கேட்டால் விலகி வந்துவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. முதலில் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு.
2. மறதி நோய்தான் என்றால், தொல்லையைச் சற்றுக் குறைக்கும் மாத்திரைகள் உள்ளன. டாக்டர் சொன்னபடி கொடுங்கள்.
3. இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் கட்டுக்குள் வையுங்கள். இது உங்களுக்கும் பொருந்தும்.
4. பெரியவரைத் திட்டாதீர்கள். வேண்டுமென்று அவர் மறக்கவில்லை.
5. கவனிப்பு முழுவதும் மருமகள் தலையில் விழ வேண்டாம். கணவரும் பங்கு கொள்ளட்டும்.

விற்ற நிலம் திரும்பாது. ஊசியால் நினைவும் திரும்பாது.
தரகர் பேச்சை நம்பாதீர்! டாக்டரைக் கேளுங்கள்!