சைக்கிள் பிரயாணியின் பாத்தியதை

தாம்பரத்தில் விடியுமுன் புறப்பட்டு, ஜி.எஸ்.டி. சாலை வழியே வண்டலூர் சென்று, அங்கே கிழக்கே திரும்பி, கண்டிகை, மேலக்கோட்டையூர், மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று ஏறக்குறைய 18 கிலோமீட்டர் மிதித்துக் கேளம்பாக்கத்தை அடைகிறவருக்கு, அதற்கப்பால் கோவளம் வரையிலான சிறு தூரமே அன்றைய சிரமத்துக்கெல்லாம் தக்க சன்மானமாக அமைந்துவிடும். இரு மருங்கிலும் உப்பங்கழியும் உப்பளங்களும் பரந்து கிடக்க, பருவகாலமானால் பூநாரைகளையும் தூரத்தில் காணலாம். கோவளத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் திருவிடந்தை, வடநெம்மேலி வழியாக மாமல்லபுரம் போகலாம். தேகத்தில் இன்னும் தெம்பு இருந்தால் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று சுற்றிக்கொண்டு வரலாம். பங்குனி, சித்திரை மாதங்களில் முற்பகல் கடந்து கடற்காற்று எழுந்துவிட்டால், கோவளத்திலிருந்து வீடு திரும்புகிறவரை அது முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும் சௌகரியமும் உண்டு.

இத்தனை ரம்மியமான மார்க்கத்தில் அபாயமும் அதற்கேற்ற அளவில் உண்டு. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் டிப்பர் லாரிகளும் கல்லூரிப் பேருந்துகளும் ஒன்றையொன்று முந்துகையில், ஓரத்தில் செல்லும் சைக்கிளைத் தார் விளிம்புக்கு அப்பால் ஜல்லியில் இறக்கிவிடுவது சகஜமான காட்சி. கடற்கரைச் சாலையிலோ ஓரத்தில் படிந்த மணல் மெல்லிய டயரை வழுக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் பந்தயம் விடும் மோட்டார் சைக்கிள்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உணவகங்களின் முன் நிற்கும் கார்களிலிருந்து பின்னால் பாராமல் கதவு திறக்கப்படுவது, சிறியதாகத் தோன்றினாலும் எலும்பை முறிக்கக்கூடிய இன்னொரு விபத்து.

ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் விபத்துக்குப் பின் நடப்பது. கார் ஒன்று இடித்துச் சைக்கிள்காரர் கீழே விழுகிறார்; முழங்கை சிராய்த்திருக்கிறது, தோள் வலிக்கிறது, முன்சக்கரம் கோணிவிட்டது. காரிலிருந்து இறங்கியவர் நல்ல மனிதராகவே இருக்கிறார். தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, "கேஸ் எல்லாம் எதுக்கு சார், டாக்டர் செலவுக்கு இதை வெச்சுக்குங்க" என்று இரண்டாயிரம் ரூபாயைக் கையில் திணிக்கிறார். டீக்கடையிலிருந்து ஓடிவந்தவர்களும், "ஸ்டேஷன் ஏறி இறங்க முடியுமாங்க, விடுங்க" என்கிறார்கள். விழுந்தவரும் சரி என்று தலையாட்டிவிடுகிறார். மறுநாள் எக்ஸ்ரே எடுத்துத் தோளெலும்பு முறிந்திருப்பது தெரியும்போது, அவரிடம் அந்தக் காரின் எண்கூட இராது.

இப்படி அவர் இணங்கிவிடுவதற்கு, தம்மிடம் காகிதம் எதுவும் இல்லையே என்ற உள்ளூற உறுத்தும் பயமே பெரும்பாலும் காரணம் என்பது என் அபிப்பிராயம். விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் ஏற்றினாலும் போலீஸ்காரர் பிடித்து நிறுத்திய காலத்தின் ஞாபகம் நம் வீடுகளில் இன்னும் முற்றிலும் மறையவில்லை போலும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனமே அன்று. ஆகவே அதற்கு ஓட்டுநர் உரிமமோ, பதிவோ, இன்சூரன்ஸோ தேவையில்லை. அதே சட்டம் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறதே, அந்த மூன்றாம் நபர் என்பவர் சாட்சாத் இந்தச் சைக்கிள்காரர்தான். சாலைப் பிரயாணிகளுள் பாதசாரி, சைக்கிளோட்டி முதலிய எளிதில் ஊறுபடக்கூடியவர்களிடம் விசேஷக் கவனம் காட்டவேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் வாகன ஓட்டிகளைக் கட்டுப்படுத்துகின்றன.

ஆதலால், விழுந்தவர் எழுந்து உட்கார்ந்ததும் செய்யவேண்டிய முதற் காரியம் வண்டியின் எண் பலகையையும், தம் சைக்கிள் கிடக்கும் நிலையையும், அதை நகர்த்துமுன்பே படமெடுத்துக்கொள்வது. கை நடுங்கினால் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கலாம். உதவ வருகிறவருக்கு வழக்கிலே சிக்குவோமோ என்ற அச்சம் வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவியவரை வழக்குகளிலிருந்து காக்கிறது. இடித்தவரும் காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கவும் காவல் துறைக்குத் தெரிவிக்கவும் சட்டத்தால் கடமைப்பட்டவர். அவர் அதைச் செய்வது தயை அன்று.

108-ஐ அழைத்துக் குரோம்பேட்டையிலோ செங்கல்பட்டிலோ உள்ள அரசு மருத்துவமனைக்குப் போகிறவர், "சைக்கிளிலிருந்து தவறி விழுந்தேன்" என்று சொல்லாமல், இன்ன சாலையில் இன்ன வாகனம் மோதியது என்றே சொல்லவேண்டும். அங்கே பதியப்படும் விபத்துப் பதிவேட்டின் நகல், எல்லாரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது, பின்னால் நடக்கும் வழக்கு முழுவதற்கும் அஸ்திவாரம். செலவைப் பற்றிய கவலையும் முன்போல் இல்லை. 2021 டிசம்பரில், இதே செங்கல்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலுங்கூட இலவசம். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டமோ, ஏழு நாட்களுக்குள் ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு வழிசெய்திருக்கிறது.

காவல் நிலையத்தில் எல்லைத் தகராறு எழலாம். இந்த ஒரே காலைப் பிரயாணம் தாம்பரம் மாநகரக் காவலின் எல்லையிலிருந்து செங்கல்பட்டு மாவட்டக் காவலின் எல்லைக்குள் புகுந்துவிடுகிறது அல்லவா? "அது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பினால், 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவை எடுத்துக் கூறலாம். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்யவேண்டும் என்பது அதன் விதி. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தியடைந்து வந்துவிடாமல், எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குவது அவசியம். அது இலவசமாகவே தரப்படவேண்டியது.

நஷ்டஈட்டுக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யவேண்டும். விபத்து நடந்த இடத்தில்தான் என்றில்லை, மனுதாரர் குடியிருக்கும் இடத்திலும் செய்யலாம். ஆறு மாதம் என்று சட்டம் அவகாசம் குறித்திருப்பதால், காயம் ஆறட்டும் என்று காத்திருப்பது விவேகமன்று. ஓட்டுநரின் தவறை நிரூபிக்க இயலாத சந்தர்ப்பத்திலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்கீழ்க் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் மரணத்துக்கு ஐந்து லட்சமும் கோரலாம். நசுங்கிய சைக்கிளின் விலையையும் தீர்ப்பாயத்திலேயே கேட்கலாம் என்பதைப் பலர் அறியார். எழுபதாயிரம், எண்பதாயிரம் என்று சைக்கிள் வாங்குகிற இந்நாளில் கடை ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது. வக்கீல் அமர்த்த வசதியில்லாதவர்களும் பெண்களும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால், கட்டணமின்றி வழக்கறிஞர் கிடைப்பார்.

எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி, சைக்கிள்காரர் எதிர்த்திசையில் வந்தார், இருட்டில் விளக்கில்லாமல் வந்தார் என்று வாதாடும். அது மெய்யானால், அவர் பங்குக்குரிய சதவீதம் நஷ்டஈட்டில் கழிக்கப்படும். ஹெல்மெட்டைச் சைக்கிளுக்குச் சட்டம் கட்டாயமாக்கவில்லையாயினும், விடியுமுன் புறப்படுகிறவர் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் இல்லாமல் ஜி.எஸ்.டி. சாலையில் இறங்குவது, உயிருக்கு மட்டுமல்ல, வழக்குக்கும் கேடு.

இடித்த வண்டி நிற்காமல் ஓடிவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்கவேண்டாம். அத்தகைய விபத்தில் மரணத்துக்கு 25,000 ரூபாயும் கொடுங்காயத்துக்கு 12,500 ரூபாயுமாக வெகுகாலம் இருந்துவந்த தொகை, 2022 ஏப்ரல் முதல் முறையே இரண்டு லட்சமும் ஐம்பதாயிரமுமாக உயர்ந்திருக்கிறது. இதற்கான மனுவைத் தீர்ப்பாயத்தில் கொடுப்பதில்லை. விபத்து நடந்த எல்லைக்குரிய கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில், எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு கொடுக்கவேண்டும்.